பிரயாரிட்டி 100 போட்டாலும் தோற்கும்

கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கம் மாங்கூழ் ஏற்றுமதி இன்வாய்ஸை எக்ஸ்எஸ்எல்டி (எக்ஸ்எம்எல் டேட்டாவை வேறு வடிவத்துக்கு மாற்றும் மொழி) வைத்து அச்சுக்குக் கொண்டுவருகிறவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. பொது ஸ்டைல்ஷீட்டை (மாற்றும் விதிகள் இருக்கும் ஃபைல்) தங்கள் ஃபைலுக்குள் இம்போர்ட் பண்ணுவார்கள். நினைத்தபடி வராவிட்டால் அந்தப் பொது ஃபைலுக்குள்ளேயே போய் பிரயாரிட்டியை ஏற்றுவார்கள். 10, 50, 100... மண்டி ஏலம் மாதிரி. வெட்டி வேலை.

விதிகளை ஓட்டும் ப்ராசஸர் முதலில் பார்ப்பது யார் யாரை இம்போர்ட் செய்தார் என்பதைத்தான். இன்னொன்றை இம்போர்ட் செய்கிற மேல் ஃபைலின் விதிதான் எப்போதும் ஜெயிக்கும். ஒரே படியில் இருக்கும் இரண்டு விதிகள் மோதினால்தான் பிரயாரிட்டிக்கே வேலை.

எல்லாரும் விழும் குழி இது. பொது ஃபைலில் ஒரு விதிக்கு, எந்த எலிமென்ட்டில் ஓட வேண்டும் என்று சொல்லும் மேட்ச் சரக்கு[@ரகம்='பெங்களூரா'] என்று இருக்கிறது (எக்ஸ்எம்எல்லில் தமிழ்ப் பெயர் தாராளமாகச் செல்லும்). தானாக அதற்குக் கிடைக்கும் பிரயாரிட்டி 0.5. டீபக் பண்ண நீங்கள் மேல் ஃபைலில் மேட்ச் * (எந்த எலிமென்ட்டும்) என்று, உள்ளே இருப்பதற்கு விதிகளைத் தேடி ஓட்டும் அப்ளை-டெம்ப்ளேட்ஸை மட்டும் வைத்து ஒரு விதி போட்டு, எடுக்க மறந்துவிட்டீர்கள். அதற்கு -0.5 தான். ஆனாலும் நட்சத்திரமே ஜெயிக்கும்! அந்த மோடில் (விதிகளைத் தனித்தனிக் கூட்டமாகப் பிரிக்கும் பெயர்) பொது ஃபைலின் எலிமென்ட் விதிகள் மொத்தமும் படுத்துவிடும். டேபிள், கட்டம் எதுவும் இல்லாமல் எழுத்து மட்டும் கொட்டும். இதைப் பார்த்துவிட்டு டேட்டாவைச் சந்தேகப்படுகிறவர்கள்தான் அதிகம்.

இரண்டு ஃபைலை இம்போர்ட் செய்தால் பின்னால் வருவதற்கே பலம். இன்க்ளூட் அப்படியில்லை, அங்கேயே எழுதிய மாதிரிதான். எக்ஸ்எஸ்எல்டி 1.0, 2.0 இரண்டிலும் இம்போர்ட் வரிகள் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் இருக்க வேண்டும். பொது விதியில் மோட் இருந்தால் உங்கள் விதியிலும் அதே மோட் வேண்டும், இல்லாவிட்டால் உங்களுடையதை யாரும் கூப்பிடவே மாட்டார்கள்.

பழைய விதியை நகலெடுத்துத் திருத்துவது எனக்குப் பிடிக்காத வேலை. சுற்றி ஒரு கட்டம் போட்டால் போதுமென்றால் உள்ளே அப்ளை-இம்போர்ட்ஸ் வையுங்கள், பழையது அப்படியே ஓடும். அதை ஃபார்-ஈச்சுக்குள் (ஒவ்வொன்றாகச் சுற்றும் லூப்) வைத்தால் எரர். அங்கே 'நடப்பு விதி' என்று ஒன்று கிடையாது. அதே ஃபைலில் இருக்கும் அடுத்த விதிக்கும் போக வேண்டுமென்றால் நெக்ஸ்ட்-மேட்ச். அது 2007-இல் 2.0-வோடு வந்தது, ஆகவே 1.0 மட்டும் தெரிந்த எக்ஸ்எஸ்எல்டிப்ராக் என்ற ப்ராசஸரில் ஓடாது.

குளோபல் பாராம் (வெளியிலிருந்து மதிப்பு கொடுக்கக்கூடிய மாறி), பெயர் வைத்த டெம்ப்ளேட் (பெயர் சொல்லிக் கூப்பிடுவது) இரண்டையும் இதே மாதிரி மேலிருந்து மாற்றலாம். கீ (டேட்டாவின் நோடுகளை, அதாவது துண்டுகளை, மதிப்பை வைத்துத் தேடும் அட்டவணை) மட்டும் மாறாது. மேல் ஃபைலில் அதே பெயரில் புதுக் கீ எழுதினால் பழையதும் கூடவே நிற்கும், தேடினால் இரண்டின் நோடுகளும் சேர்ந்தே வரும். இன்வாய்ஸில் ஒரே லாட் இரண்டு கூட்டுத்தொகையில் ஏறியிருந்தால் முதலில் அங்கே பாருங்கள்.