பி7 போல்ட்டும் எல்7 போல்ட்டும் ஒன்றா?

பி7, எல்7 என்பவை குழாய்களை இணைக்கும் போல்ட்டுகளின் எஃகுத் தரங்கள். “பி7, எல்7 ரெண்டும் ஒரே இரும்பு, ஒரே பலம். எந்த லைனுக்கும் பி7 போதும்” என்று கடலூர் சிப்காட் ஃபிட்டர்களிடம் ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. பாதிதான் உண்மை.

இரண்டும் குரோமியமும் மாலிப்டினமும் கலந்த குரோம்-மாலி எஃகு. விட்டம் இரண்டரை இஞ்சு வரை இழுவிசை பலம் குறைந்தது 860 மெகாபாஸ்கல். சரி. ஆனால் கடுங்குளிரில் எஃகு கண்ணாடி மாதிரி படக்கென்று உடையும். அதனால்தான் எல்7 எஃகை மைனஸ் 101 டிகிரிக்குக் குளிரவைத்து, சார்பி சோதனையில் சுத்தியலால் அடித்துப் பார்க்கிறார்கள். சராசரி 27 ஜூல் தாங்க வேண்டும். பி7-க்கு அந்தச் சோதனை கட்டாயமில்லை.

நீராவி லைனுக்கு பி7 தாராளமாகப் போடலாம். மைனஸ் 33 டிகிரி அம்மோனியாவுக்கும் பி31.3 என்ற ஆலைக் குழாய் விதிமுறை பி7-ஐ அனுமதிக்கிறது. பி7-க்கு எல்லை மைனஸ் 48. அதற்குக் கீழே, மைனஸ் 101 வரை எல்7. நம்ம ஊர் வெயிலைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள், குழாய்க்குள் ஓடுவதைப் பாருங்கள். மாட்டும் முன் ஸ்டட் (தலையில்லாத போல்ட்) முனையில் குத்தியிருக்கும் எழுத்தைத் துடைத்துப் படியுங்கள்.