முதல் நன்றி யாருக்கு?

தண்டையார்பேட்டையில் ஒரு மாடிப் போர்ஷன். மல்லிகா தரையில் உட்கார்ந்து நெத்திலி ஆய்கிறார். கட்டைவிரல் நகத்தால் தலையைக் கிள்ளி, குடலோடு ஒரே இழுப்பு. (பழக்கமில்லாதவர்கள் கத்தி தேடுவார்கள்.) தனசேகருக்கு வயசு 58. மண்ணடியில், கப்பல் சரக்குக்குக் கஸ்டம்ஸ் கிளியரிங் செய்யும் ஆபீசில் நாளையோடு வேலை முடிகிறது. கையில் நாலு பக்கப் பேச்சு.

தனசேகர்: கேளு மல்லிகா. "பெருமதிப்பிற்குரிய முதலாளி அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் மானேஜர் அவர்களே..."

மல்லிகா: மேடையா? உங்க ஆபீஸ் மாடிப்படியில் எதிரே ஒருத்தர் வந்தால் நாம கீழே இறங்கி வழி விடணும், அந்த இடத்தில் மேடையை எங்கே போடுவாங்க, ஜெராக்ஸ் மிஷின் மேலயா?

தனசேகர்: ஒரு மரியாதைக்குச் சொல்றதுதான். "எனக்கு என்றும் ஊக்கமளித்த மானேஜர்..."

மல்லிகா: யாரு, 2015 வெள்ளத்தில் நீங்க இடுப்பளவு தண்ணியில் நின்றுகொண்டு போன் பண்ணினப்போ, "லேட்டா, இல்ல லீவா, ஒண்ணைச் சொல்லு" என்று கேட்டாரே, அவரா?

தனசேகர்: அதுவும் ஒருவகை ஊக்கம்தான். நீந்தியே போய்ச் சேர்ந்தேனே.

மல்லிகா: அடிங்க அந்தப் பக்கத்தை. இம்ரான் பேரு எங்கே?

தனசேகர்: அவன் சின்னப் பையன்.

மல்லிகா: சின்னப் பையன்தான், கஸ்டம்ஸ் வேலையெல்லாம் கம்ப்யூட்டருக்குப் போனப்புறம் இறக்குமதிச் சரக்குக்குப் போடுற பில் ஆஃப் என்ட்ரியைப் பக்கத்திலேயே உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தான். உங்க பாஸ்வேர்டே அவன்கிட்டதானே இருக்கு?

தனசேகர்: ஆமாம்.

மல்லிகா: இன்னா பாஸ்வேர்டு அது?

தனசேகர்: அவன்கிட்ட இருக்குன்னுதானே சொல்றேன்!

மல்லிகா: சரி, அவனை எழுதுங்க. அப்புறம் டிரெய்லர் ஓட்டுற முருகேசன் அண்ணன்.

தனசேகர்: அவர் நம்ம ஆபீஸ் ஸ்டாஃப் இல்லையே.

மல்லிகா: துறைமுகத்து ஜீரோ கேட்டில் ஆரம்பிச்சு எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோடு முழுக்க கன்டெய்னர் வண்டி வரிசை கட்டி நின்ற ராத்திரி, நீங்க காகிதத்தைத் தூக்கிக்கொண்டு போனீங்களே, அப்போ வண்டிக்குப் பக்கத்தில் ஸ்டவ் வைத்து உப்புமா கிண்டி உங்களுக்கும் பாதி கொடுத்தவர் யாரு, மானேஜரா?

தனசேகர்: அந்த உப்புமாவில் உப்பு இல்லை.

மல்லிகா: அதையும் சேர்த்து எழுதுங்க, அவர் சிரிப்பார். சுந்தரி மேடம் எத்தனாவது?

(தனசேகர் பேச்சைத் திருப்பிப் பார்க்கிறார். முன்பக்கம், பின்பக்கம், எங்கேயும் இல்லை.)

தனசேகர்: அந்தம்மாவும் நானும் பேசிக்கிறதே இல்லையே. ஃபேன் சண்டை உனக்குத் தெரியாதா? நான் அஞ்சில் வைப்பேன், வவுச்சர் பறக்குதுன்னு அந்தம்மா ரெண்டில் வைக்கும். ஒருநாள் ரெகுலேட்டர் குமிழே கையோடு வந்துடுச்சு.

மல்லிகா: யார் கையோடு?

தனசேகர்: அதுதான் இன்னும் முடிவாகல.

மல்லிகா: பி.எஃப். விவகாரத்தைச் சரி பண்ணினது யாரு?

தனசேகர்: அந்தம்மாதான். பி.எஃப். கணக்கில் நான் பிறந்த வருஷமும் வேலைக்குச் சேர்ந்த வருஷமும் ஒண்ணா இருந்துச்சு. தொட்டிலில் படுத்துக்கிட்டே ஷிப்பிங் பில் போட்டவன் இந்தியாவிலேயே நான் ஒருத்தன்தான். அந்தம்மாதான் ஃபாரம் நிரப்பி, ஆதாரை இணைச்சு, கம்பெனிக் கையெழுத்துக்கு மூணு தடவை முதலாளி ரூம் ஏறிச்சு.

மல்லிகா: பேசாமலே எப்படி?

தனசேகர்: "இம்ரான், தனசேகர் சாரை ஆதார் கொண்டுவரச் சொல்லு" என்று சொல்லும். நான் அடுத்த மேஜையில்தான் இருப்பேன். "இம்ரான், நாளைக்குக் கொண்டுவரேன்னு சொல்லு" என்பேன். அவன் பாவம், ரெண்டு பக்கமும் தலையாட்டிட்டு உட்கார்ந்திருப்பான்.

மல்லிகா: கிராஜுவிட்டி?

தனசேகர்: அதுவும்தான். அடிப்படைச் சம்பளம் 24,000, சர்வீஸ் 30 வருஷம். மானேஜர் மாசத்துக்கு 30 நாள்னு வகுத்து, 15 நாள் சம்பளத்தை வருஷக் கணக்கால் பெருக்கி, 3,60,000 என்று போட்டுட்டார். அந்தம்மா சிவப்புப் பேனாவால் 30-ஐ அடிச்சு 26-ன்னு எழுதி, "சட்டப்படி இதுதான் சார்" என்று ஃபைலைத் திருப்பி அனுப்பிடுச்சு. 4,15,384 வந்துச்சு.

மல்லிகா: (நெத்திலியை விட்டுவிட்டு) அம்பத்தஞ்சாயிரம் ரூபாயா! பேச்சில் கம்பெனியை முப்பது வருஷம் ஆலமரம், நிழல்னு எழுதிவைத்திருக்கீங்க, அம்பத்தஞ்சாயிரம் வாங்கித் தந்தவங்க பேரு இல்லை! முதல் வரியே அவங்கதான். எழுதுங்க.

தனசேகர்: எல்லார் முன்னாடியும் திடீர்னு எப்படி மல்லிகா... இம்ரானை விட்டுச் சொல்லச் சொல்லட்டுமா?

மல்லிகா: நன்றியுரை உங்களுக்கா, இம்ரானுக்கா?

தனசேகர்: சரி, சரி. (எழுதுகிறார். அடிக்கிறார். மறுபடி எழுதுகிறார்.) "சுந்தரி மேடம் அவர்களே, குமிழ் என் கையோடுதான் வந்தது." இது போதுமா?

மல்லிகா: போதும். அவங்களுக்குப் புரியும். ஆமாம், உங்களுக்கு இன்னா கிஃப்ட்டு தராங்களாம்? சுவர்க் கடிகாரம்னா வேணாம்னு சொல்லிடுங்க, ஏற்கெனவே மூணு இருக்கு.

தனசேகர்: சீலிங் ஃபேனாம். அந்தம்மாதான் எல்லார்கிட்டயும் காசு வசூல் பண்ணி, கடைக்குப் போய்ப் பார்த்து வாங்கிச்சாம். "வீட்டில் போய் அஞ்சில் வைத்துக்கொள்ளட்டும்" என்று சொன்னாங்களாம்.

மல்லிகா: உங்ககிட்டயா?

தனசேகர்: இம்ரான்கிட்ட.