டிசம்பர் போனஸ் அமைச்சரவையின் மனதைப் பொறுத்ததாக இருக்கக் கூடாது

அரசு உதவித்தொகையில் வாழ்பவர்களுக்குப் பண்டிகைக் காலத்தில் கூடுதலாக ஒரு தொகை கொடுப்பது சலுகையா, உரிமையா? என்னைக் கேட்டால் உரிமை. வருகிற பணம் வாடகைக்கும் சாப்பாட்டுக்குமே சரியாகப் போகிற வீட்டில் சேமிப்பு என்று ஒன்று இருக்காது. குளிர்காலக் கட்டணமும் பண்டிகைச் செலவும் ஒரே மாதத்தில் வந்தால் கடன்தான் வழி. அதை அடைக்க அடுத்த பல மாதங்கள் வயிற்றைக் கட்ட வேண்டும்.

அயர்லாந்தில் 1980 முதல் கிறிஸ்துமஸ் போனஸ் உண்டு. முதியோர், மாற்றுத்திறனாளிகள், நீண்டகாலம் வேலை இல்லாதவர்கள் போன்றோருக்கு டிசம்பரில் ஒரு வாரத் தொகை இரட்டிப்பாக வரும். ஆனால் கொடுப்பதா வேண்டாமா என்பதை ஒவ்வொரு வருடமும் அரசுதான் முடிவு செய்கிறது. 2009 நிதி நெருக்கடியில் அதை அப்படியே நிறுத்தினார்கள். வங்கிகளைக் காப்பாற்ற மக்கள் பணத்தைக் கொட்டிய அதே காலத்தில்! 2014இல் திரும்பி வந்தபோது வெறும் 25 சதவீதம். மறுவருடம் 75, அப்புறம் 85. முழுத்தொகை 2018இல்தான் கிடைத்தது. இடையில் போன ஒன்பது கிறிஸ்துமஸை எந்த அரசு ஈடுகட்டும்?

சரி, சட்டத்தில் எழுதிவிட்டால் போதுமா? போதாது. பிரிட்டனில் 1972இல் கிறிஸ்துமஸ் போனஸாக 10 பவுண்ட் கொடுத்தார்கள். இன்றும் அதே 10 பவுண்ட்தான். குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கான 'யுனிவர்சல் கிரெடிட்' என்ற அரசு உதவியை மட்டும் வாங்குபவருக்கு அதுவும் கிடையாது. விலைவாசியோடு சேர்ந்து ஏறாத தொகையை உதவி என்று சொல்லவே மனம் வரவில்லை.

'வசதியானவர்களுக்கும் போகிறதே' என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அதற்காக 2024இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் முதியோருக்கான குளிர்கால எரிபொருள் தொகையைப் பென்ஷன் கிரெடிட் (வருமானம் குறைந்த முதியோருக்கான உதவி) போன்றவற்றைப் பெறுபவர்களுக்கு மட்டும் என்று சுருக்கினார்கள். வரம்பைக் கொஞ்சம் தாண்டியவர்களும், தகுதி இருந்தும் விண்ணப்பிக்காதவர்களும் சேர்ந்தே அடிபட்டார்கள். மறுவருடமே பின்வாங்கி, ஆண்டு வருமானம் 35,000 பவுண்டைத் தாண்டியவர்களிடம் மட்டும் வரி வழியாகத் திரும்ப எடுக்கிறோம் என்றார்கள். இதை முதலிலேயே செய்திருக்கலாமே! முதலில் எல்லோருக்கும் கொடுங்கள், வசதியுள்ளவரிடம் பிறகு வாங்கிக்கொள்ளுங்கள்.

நான் கேட்பது இவ்வளவுதான்: தொகை வாராந்தர உதவியின் அளவோடு சட்டத்திலேயே பிணைக்கப்பட வேண்டும், தேதியும் முன்கூட்டியே தெரிய வேண்டும். அயர்லாந்தில் வேலையில்லாதோர் உதவி வாங்குபவருக்கு இந்த போனஸ் கிடைக்க இருக்கும் ஒரு வருடக் காத்திருப்பையும் எடுத்துவிட வேண்டும். வேலை போய் மூன்று மாதமே ஆனவர் வீட்டிலும் பண்டிகையை எதிர்பார்க்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.