பாட்டிக்கு எதற்கு நர்ஸ் யூனிஃபார்ம்?

போன வாரம் சுற்றிய அந்தப் படத்தைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். நர்சிங் மாணவிகள் மெழுகுவத்தியோடு நிற்கும் விளக்கேற்றும் விழாவில், சின்னப் பெண்களுக்கு நடுவில் வயதில் மூத்த ஒரு பெண்ணும் யூனிஃபார்மில் நிற்கிறாரே, அந்தப் படம். பார்க்காதவர்கள் யாரும் இருக்க மாட்டீர்கள். "பாட்டி ஊசி போட வந்துட்டாங்க, கண்ணாடியை எடுத்துக் குடுங்கப்பா" என்ற கமெண்டையும் அதற்கு விழுந்த சிரிப்பையும்கூட விட்டுவிடலாம். அந்தக் கூட்டம் எதற்கும் சிரிக்கும். ஆனால் நேற்று நம் அண்ணன் ஒருவர், பெயர் வேண்டாம், "உணர்ச்சிவசப்படாமல் யோசிப்போம்" என்று ஆரம்பித்து, இந்த வயதில் ஒரு பெண் நர்சிங் சீட்டில் உட்காருவது ஒரு சின்னப் பெண்ணின் எதிர்காலத்தைப் பறிப்பது என்று எழுதியிருக்கிறார். சரி, நானும் உணர்ச்சிவசப்படாமல் எழுதிப் பார்க்கிறேன்.

நம் வீடுகளில் யாராவது படுக்கையில் விழுந்தால் யாரைக் கூப்பிடுகிறோம்? கல்லூரிக்குப் போகும் பெண்ணையா? முப்பத்தைந்து, நாற்பது வயதில் இருக்கும் மருமகளைத்தான். டயபர் மாற்ற, புண் துடைக்க, ராத்திரி முழுக்க விழித்திருக்க அவளுக்கு வயது ஒரு தடையே இல்லை. அதே வேலையை முறையாகப் படித்துச் செய்கிறேன், பதிவு எண்ணும் சம்பளமும் வேண்டும் என்று அவள் சொல்லும்போதுதான் எல்லோருக்கும் அவள் வயது ஞாபகம் வருகிறது. சும்மா செய்தால் புண்ணியம், சம்பளம் கேட்டால் காமெடி.

என் மாமியார் பக்கவாதத்தில் விழுந்தபோது எனக்கு முப்பதுகூட ஆகவில்லை. உணவு கொடுக்க மூக்கு வழியாக வயிறுவரை போகும் ரைல்ஸ் ட்யூப். அரசு மருத்துவமனை வார்டில் ஒரு சிஸ்டர், கஞ்சி ஊற்றும்போது தலைப்பக்கம் உயர்ந்திருக்க வேண்டும், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். எப்படி என்று சொல்ல அவருக்கு நேரம் இருந்தது, ஏன் என்று சொல்ல இல்லை. பாவம், அத்தனை கட்டிலுக்கு அவர் ஒருத்தர். எனக்கோ அந்த ‘ஏன்’ தெரியாமல் தூக்கம் வரவில்லை. தலை தாழ்ந்திருந்தால் உணவு மேலேறி நுரையீரலுக்குள் போய்விடலாம், ஒரே இடத்தில் அழுத்தம் இருந்தால் அங்கே ரத்தம் ஓடாமல் தோல் செத்துப் புண்ணாகும் என்பதெல்லாம் பிற்பாடு வகுப்பில் படித்தது. படிக்கும்போது அத்தையின் முதுகுதான் கண்ணில் நின்றது. கடைசிவரை ஒரு புண் வரவில்லை. அதற்கு உறவில் ஒருத்தர்கூட ஒரு வார்த்தை சொன்னதில்லை, அது வேறு கதை.

மாமியார் போன பிறகு ஜி.என்.எம்., அதாவது மூன்று வருட நர்சிங் டிப்ளமோ, சேரப்போகிறேன் என்றேன். இந்திய நர்சிங் கவுன்சில் வைத்திருக்கும் உச்ச வயது 35. எனக்கு 33. வியாசர்பாடியில் எங்கள் தெருவுக்கே அது ஒரு வாரத்துக்குப் பொழுதுபோக்கு. "புள்ளைக்கும் உனக்கும் சேர்த்தே டிபன் பாக்ஸ் கட்டிடு" என்றார் என் சொந்த நாத்தனார். இன்று அவர் வீட்டில் யாருக்குச் சர்க்கரை ஏறினாலும் முதல் போன் எனக்குத்தான் வருகிறது. எடுக்கிறேன். எடுக்காமல் என்ன செய்வது?

"உடம்பு தாங்குமா?" என்கிறார்கள். நைட் டூட்டி முடிந்தால் முழங்கால் வலிக்கிறது, உண்மைதான். என்னோடு வேலை பார்க்கும் இருபத்து மூன்று வயதுப் பெண்ணுக்கும் வலிக்கிறது. அவளிடம் யாரும் இதைக் கேட்பதில்லை. "சின்னப் பெண் சீனியராக இருந்தால் ஈகோ வராதா?" என்று ஒருவர். வராது. மாமியார் வீட்டில் இருந்தவர்களுக்கு இதெல்லாம் ஒரு அதட்டலா? "மூளையில் ஏறுமா?" என்று இன்னொருவர். அரை லிட்டர் சலைனை நாலு மணி நேரத்தில் ஏற்ற வேண்டும், சலைன் இறங்கும் ட்யூபில் ஒரு மில்லி லிட்டருக்கு 20 சொட்டு, அப்படியானால் நிமிடத்துக்கு எத்தனை சொட்டு? 42. வாட்சைப் பார்த்து எண்ணி வைப்பேன். நீங்கள் கால்குலேட்டரை எடுப்பதற்குள் சொல்லிவிடுவேன்.

இப்போது அண்ணனின் முக்கியமான வாதம், சீட் வீணாகிறதாம். தமிழ்நாட்டு அரசு ஊழியர் ஓய்வு பெறும் வயது 2021-இலிருந்து 60. முப்பத்தாறில் படித்து முடிப்பவளுக்கு, வேலை கிடைத்தால், 24 வருட சர்வீஸ் மிச்சம் இருக்கிறது. 24 வருடம் உங்களுக்கு வீணா? சின்ன வயதில் முடித்தவர்களில் எத்தனையோ பேர் வளைகுடாவுக்கும் ஜெர்மனிக்கும் கிளம்புகிறார்கள். போகட்டும், நன்றாக இருக்கட்டும், அது அவர்கள் உரிமை. அங்கே வீணாகாத சீட் எங்களிடம் வந்ததும் வீணாகிவிடுகிறதா?

சின்னப் பெண்களின் எதிர்காலத்தைப் பற்றி இவ்வளவு கவலை இருக்கிறதே, அதே பெண்களை 2015-இல் அரசு மருத்துவமனைகளுக்குத் தொகுப்பூதியம் (நிரந்தரம் இல்லாத மொத்தச் சம்பளம்) என்று மாதம் 7,700 ரூபாய்க்கு எடுத்தார்களே, 2017 நவம்பரில் அவர்கள் தேனாம்பேட்டையில் மருத்துவத் துறை அலுவலகமான டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்து போராடினார்களே, அப்போது நீங்கள் எழுதும் பக்கத்தில் ஒரு வரி வந்ததா? தேடிப் பார்த்தேன். அந்த மாதம் முழுக்க பிரியாணிக் கடை விமர்சனம்.

வருடா வருடம் மே 12, நர்சுகள் தினம் வந்தால், நவீன நர்சிங்குக்கு வழிபோட்ட நைட்டிங்கேல் அம்மையார் கையில் விளக்கோடு நிற்கும் படத்தைப் போட்டு "தேவதைகளுக்கு வாழ்த்து" என்கிறீர்கள். 1820-இல் பிறந்தவர், வீட்டில் அத்தனை எதிர்ப்பையும் மீறி ஜெர்மனியில் கைசர்ஸ்வெர்த்துக்குப் பயிற்சிக்குப் போனது 1851-இல். கணக்குப் போடுங்கள், 31 வயது. அந்தக் காலத்து 31. அவரையும் பாட்டி என்று சொல்லிச் சிரியுங்களேன். இதே சென்னை ஜி.எச்.சில் 1871-லேயே நர்சுகளுக்குப் பள்ளி தொடங்கியாயிற்று. ஊர் அவ்வளவு முன்னால் போயிருக்கிறது, நாம் இன்னும் கமெண்டில் நின்று சிரித்துக்கொண்டிருக்கிறோம்.

தேவதை என்ற பேச்சும் எனக்கு வேண்டாம். தேவதைக்குச் சம்பள உயர்வு கிடையாது.

"எல்லாவற்றையும் பர்சனலாக எடுத்துக்கொள்கிறீர்கள் அக்கா" என்று இதற்கும் ஒருவர் வருவார். ஆமாம், எடுத்துக்கொள்கிறேன். படத்தில் இருப்பது நான் இல்லை, ஆனால் அந்த மெழுகுவத்தி வரிசையில் பதினெட்டு வயதுப் பெண்களுக்கு நடுவில் நின்றிருக்கிறேன். போட்டோ எடுக்கும்போது ஒதுங்கி நிற்கத் தோன்றும். ஒதுங்கவில்லை. அந்தப் பெண்ணும் ஒதுங்கவில்லை. அதுதான் உங்களுக்கு உறுத்துகிறது.

இன்பாக்ஸில் கேட்டவர்களுக்கு ஒன்று. பஸ் ஸ்டாப்பில் ஒட்டியிருக்கும் "ஆறு மாதத்தில் நர்சிங், வயது தடையில்லை" போஸ்டரை நம்பிப் பணத்தைக் கட்டாதீர்கள். அந்தச் சான்றிதழை வைத்து தமிழ்நாடு நர்சுகள் மற்றும் தாதியர் கவுன்சிலில் பதிய முடியாது, பதியாவிட்டால் நீங்கள் ஸ்டாஃப் நர்ஸ் கிடையாது. ஃபீஸ் கட்டுவதற்கு முன்னால் அந்தப் பள்ளிக்கு கவுன்சில் அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். நம்மை மாதிரி லேட்டாக வருகிறவர்களைக் குறிவைத்துத்தான் அந்த போஸ்டர். சீட் வீணாவதைப் பற்றி எழுத ஆசைப்படுகிறவர்கள் இதைப் பற்றியும் எழுதலாம்.

இன்னொரு தங்கச்சி, "வீட்டுக்காரர் நைட் டூட்டின்னா சோறு யார் ஆக்குறதுன்னு கேக்குறார்க்கா, என்ன சொல்ல?" என்று கேட்டிருக்கிறாள். குக்கருக்கு எத்தனை விசில் என்று அவருக்குச் சொல்லிக்கொடும்மா. அதற்கு உச்ச வயதெல்லாம் கிடையாது.