கிகிக்கு வாடகை எவ்வளவு?

சூனியக்காரி வருகிற சிறுவர் படங்களில் பெரியவர்கள் தனியாக உட்கார்ந்து பார்க்க ஒரே ஒரு படம் சொல்லு என்றால் 'கிகியின் டெலிவரி சர்வீஸ்' என்பேன். எய்கோ கதோனோ 1985-ல் எழுதிய சிறுவர் நாவலை வைத்து ஹயாவோ மியாசாகி 1989-ல் எடுத்த ஜப்பானிய அனிமேஷன் படம், ஸ்டுடியோ ஜிப்லியின் தயாரிப்பு. குழந்தைக்குப் போட்டுக் கொடுத்துவிட்டு அடுக்களைக்குப் போய்விடாதீர்கள். இது வேலைக்குப் போகிற ஒரு பெண்ணின் கதை. மாதச் செலவைக் கணக்குப் போட்டுப் பழகியவர்களுக்குத்தான் இது முழுதாகப் புரியும். (கதையை விரிவாகச் சொல்லப் போகிறேன், பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.)

சூனியக்காரிக்குப் பதின்மூன்று வயதானால் வேறு சூனியக்காரி இல்லாத ஊருக்குப் போய் ஒரு வருடம் பிழைத்துக் காட்ட வேண்டும். கதாநாயகி கிகியின் அம்மாவும் சூனியக்காரி, அவருக்கு மருந்து காய்ச்சத் தெரியும். கிகி அதைக் கற்றுக்கொள்ளவில்லை. துடைப்பத்தில் ஏறிப் பறக்க மட்டும்தான் தெரியும். அதுவும் தடுமாற்றம்தான், சொந்த ஊரில் கிளம்பும்போதே மரக்கிளைகளில் மோதிக்கொண்டு போகிறாள். கோரிகோ நகரத்தில் இறங்கியதும் போலீஸ்காரர் பிடித்துக் கண்டிக்கிறார். சிறுமி தனியாக வந்திருப்பதால் விடுதியிலும் இடம் கிடைப்பதில்லை.

பறந்து போய்ப் பொருள் கொண்டுசேர்க்கும் தொழில் தொடங்க நினைக்கும் அவளிடம் பேக்கரி நடத்தும் ஒசோனோ பேசும் பேரத்தைக் கவனியுங்கள். வாடகை வேண்டாம், போன் கட்டணம் வேண்டாம், காலைச் சாப்பாடும் உண்டு; கையில் வேலை இல்லாதபோது கடையைப் பார்த்துக்கொண்டால் போதும். இதில் இரக்கம் உண்டு, தேவையும் உண்டு. ஒசோனோ கர்ப்பிணி, கடைக்கு ஒரு ஆள் வேண்டும். இரண்டு பக்கமும் பலன் இருப்பதால் கிகி கூசிக் குறுகாமல் அந்த மாவு படிந்த மேல்மாடி அறையில் தங்க முடிகிறது. பிறகு சாமான் வாங்கப் போகிறாள். வாணலி, குவளை என்று கைக்காசு கரைகிறது. ஆர்டர் வரும்வரை பான்கேக்தான் சாப்பாடு என்று, தன்னோடு பேசும் பூனை ஜிஜியிடம் சொல்லிவிடுகிறாள். முதல் வாடிக்கையாளர் கூலி எவ்வளவு என்று கேட்கும்போது பதில் தெரியாமல் முழிக்கிறாள், விலையே வைக்கவில்லை. தொழில் தொடங்கிய யாரும் அந்த முழியை அடையாளம் கண்டுகொள்வார்கள்.

படத்தின் உச்சம் கடைசியில் வரும் ஆகாயக் கப்பல் விபத்து என்று பலர் சொல்வார்கள். எனக்கு அது ஹெர்ரிங் மீனும் பூசணியும் வைத்துச் சுடும் 'பை' (pie) என்ற பலகாரம் வரும் காட்சி. பேத்தியின் பிறந்தநாளுக்குப் பாட்டி பை செய்து அனுப்ப வேண்டும், மின் அடுப்பு வேலை செய்யவில்லை. பரவாயில்லை, கூலியை வாங்கிக்கொண்டு போ என்கிறார் பாட்டி. செய்யாத வேலைக்குக் காசு வாங்க கிகிக்கு மனம் வரவில்லை. பழைய விறகு அடுப்பை மூட்டி, பை வெந்து வரும்வரை கூடவே இருக்கிறாள். அதனால் நேரமாகிவிடுகிறது, மழையும் பிடித்துக்கொள்கிறது. நனைந்து போய் நிற்கும் அவள் முன்னால் பேத்தி, பாட்டியின் இந்தப் பை தனக்குப் பிடிக்காது என்று சொல்லிக் கதவைச் சாத்துகிறாள்.

அந்தப் பேத்தியைத் திட்டிப் பதிவு போடுகிறவர்கள் காட்சியைத் தவறாகப் படிக்கிறார்கள் என்பது என் கருத்து. அவளுக்குப் பிறந்தநாள், உள்ளே விருந்து நடக்கிறது, வாசலில் நிற்பது ஒரு டெலிவரி பெண். மியாசாகி அவளுக்குத் தண்டனை எதுவும் வைக்கவில்லை. அடுப்படியில் செலவான உழைப்பு பெட்டியைத் திறந்தால் தெரியாது, வலி அங்கேதான். இந்தப் படத்தில் வில்லனே கிடையாது. கிகி காய்ச்சலில் விழுகிறாள், பிறகு ஒருநாள் பூனை பேசுவது புரியவில்லை, துடைப்பம் எழும்பவில்லை. யாரும் சாபம் விடவில்லை. ரசித்துச் செய்த ஒன்று பிழைப்பாக மாறினால் வருகிற வறட்சி அது.

மருந்தைச் சொல்வது காட்டில் குடிசை போட்டிருக்கும் ஓவியர் உர்சுலா. வரைய வரவில்லை என்றால் வரைந்துகொண்டே இரு. அப்போதும் வரவில்லையா, நிறுத்து. நட, வேடிக்கை பார், மதியம் தூங்கு. கிகிக்கும் உர்சுலாவுக்கும் ஜப்பானிய மூலத்தில் குரல் கொடுத்தவர் ஒருவரே, மினாமி தகாயாமா. ஒரு பெண் சில வருடம் மூத்த தன்னிடமே யோசனை கேட்பதுபோல அந்த உரையாடல் கேட்பது இதனால்தான். உர்சுலாவின் பெரிய ஓவியத்துக்கு அடிப்படை, ஜப்பானின் ஹச்சினோஹே ஊரின் நடுநிலைப் பள்ளி மாணவர்கள் செய்த மரச்செதுக்கு அச்சுப் படம்.

எந்தப் பதிப்பைப் பார்க்கிறீர்கள் என்பது முக்கியம். 1998-ல் வந்த ஆங்கில டப்பிங்கில் ஜிஜிக்கு நிறைய வசனம் கூடுதலாகச் சேர்த்தார்கள், முடிவில் அவன் மறுபடி பேசுவதாகவும் காட்டினார்கள். மூலத்தில் அவன் 'மியாவ்' மட்டும்தான் சொல்கிறான். பறக்கும் சக்தி திரும்பி வருகிறது, பூனையின் பேச்சு வரவில்லை. கிகி வளர்ந்துவிட்டாள் என்பதை அந்த இழப்புத்தான் சொல்கிறது, டப்பிங் அதை அழித்துவிட்டது. 2010-ல் வந்த திருத்திய டப்பிங்கில் பல சேர்க்கைகளை நீக்கினார்கள். கண்டுபிடிக்கச் சுலபமான வழி: ஊரை விட்டுக் கிளம்பியதும் கிகி துடைப்பத்தில் தொங்கும் ரேடியோவைப் போடுவாள். அப்போது ஆங்கிலப் பாட்டு வந்தால் அது 1998 பதிப்பு. நிறுத்திவிட்டு, ஜப்பானிய ஒலியும் வசன எழுத்தும் உள்ள பிரதியைத் தேடிப் பாருங்கள்.