ஃபோர்ட் ஸ்டிகீன் மீது யாரும் குண்டு போடவில்லை

1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய் விக்டோரியா டாக்கில் ஃபோர்ட் ஸ்டிகீன் சரக்குக் கப்பல் வெடித்ததற்கு ஜப்பானிய விமானத் தாக்குதலே காரணம் என்று மேலே ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். போர்க்காலம் என்பதால் அப்படித் தோன்றுவது இயல்புதான். ஆனால் அன்று விமானத் தாக்குதல் எதுவும் நடக்கவில்லை. கப்பலுக்குள்ளேயே தீப்பிடித்தது.

கராச்சியில் ஏற்றிய பஞ்சுப் பொதிகள், சுமார் 1,400 டன் வெடிபொருள், தங்கக் கட்டிகள் எல்லாம் ஒரே கப்பலில். (இப்படியும் ஒரு கப்பலில் சரக்கு ஏற்றுவார்களா என்று கேட்கத் தோன்றுகிறது!) தீ அநேகமாகப் பஞ்சில்தான் தொடங்கியிருக்க வேண்டும் என்றது விசாரணைக் குழு. வெடிபொருளுக்குக் கீழே பஞ்சை அடுக்கியதையும், தீயணைப்புப் படைக்குத் தாமதமாகச் சொன்னதையும் அது கண்டித்தது.

சரிபார்க்க நினைப்பவர்கள் நேரத்தை மட்டும் கவனித்தால் போதும். பிற்பகல் 2 மணி வாக்கில் புகை தெரிந்தது. முதல் வெடிப்பு மாலை 4.06க்கு. இடைப்பட்ட நேரத்தில் தீயணைப்பு வீரர்கள் தண்ணீரைப் பாய்ச்சிக்கொண்டிருந்தார்கள். குண்டு விழுந்து வெடித்த கப்பலென்றால் இந்த இரண்டு மணி நேரம் எங்கிருந்து வரும்? அந்தத் தீயணைப்பு வீரர்களில் 66 பேர் இறந்தார்கள். ஏப்ரல் 14 இந்தியாவில் தீயணைப்புச் சேவை நாளாக இருப்பது இதனால்தான். அந்த நாளின் பின்னணியைத் தேடினாலே இந்த விவரங்கள் கிடைக்கும். விசாரணைக் குழுவின் முடிவுகளையும் படித்துப் பாருங்கள்.