கட்டைவிரல் முதலில் இறங்கினால் தோள்வலி வராதா?

"ஃப்ரீஸ்டைலில் கட்டைவிரல்தான் முதலில் நீரைத் தொட வேண்டும்; அப்படி நீந்தினால் தோள்வலியே வராது" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி நீச்சல் பெற்றோர் குழுக்களில் சுற்றுகிறது. இது தவறு.

கட்டைவிரலை முன்னே விட வேண்டுமானால் உள்ளங்கையை வெளிப்புறமாகத் திருப்ப வேண்டும். அப்போது மேற்கை எலும்பு உட்புறமாகச் சுழல்கிறது. அதே நிலையில் கையை நீட்டினால், தோள்பட்டை எலும்பின் விளிம்புக்கு அடியில் தசைநாண் (தசையை எலும்போடு இணைக்கும் நார்) செல்லும் இடுக்கு குறுகி, நாண் நசுங்கக்கூடும். கை தலைக்குக் குறுக்கே விழுந்தால் நெருக்கடி இன்னும் கூடும். உள்ளங்கை கீழ்நோக்கியிருக்க, விரல்நுனிகள் தோளுக்கு நேரே இறங்குவதே நல்லது.

"வலியே வராது" என்பதும் வெற்று வாக்குறுதி. 2010இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்றில் 80 முன்னணி நீச்சல் வீரர்களில் 91 சதவீதத்தினர் தோள்வலி இருப்பதாகத் தெரிவித்தார்கள். அவர்கள் என்ன, நீந்தத் தெரியாதவர்களா? வாரம் 15 மணி நேரத்துக்கு மேல் பயிற்சி செய்தவர்களுக்குத் தசைநாண் பாதிப்பு இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரு மடங்காக இருந்தது. ஆகவே வலிக்கும் பிள்ளையிடம் கையை மட்டும் திருத்திவிட்டு அதே தூரத்தை நீந்தச் சொல்வது அநியாயம். தூரத்தைக் குறையுங்கள், கையில் மாட்டும் பேடிலைக் கழற்றுங்கள். வலி நீடித்தால் விளையாட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.